புரட்டாத கல் உண்டா? கோரிமேட்டில் புரிந்த ஓர் ஆங்கில மரபுத்தொடர்

"அம்மா, வீட்டுக்குப் பின்னாடி ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறோம்!"

புதுச்சேரி கோரிமேட்டில், ராத்திரி பெய்த மழை விட்டிருந்த ஒரு காலை நேரம். கொசு ஒழிப்புப் பணிக்கு வந்த ஒரு அக்கா, ஒரு வீட்டு வாசலில் நின்று இப்படிக் குரல் கொடுத்தார். உள்ளே இருந்து வந்த அம்மாவுக்கு அதில் பெரிய விருப்பம் இல்லை. "இங்க எங்க தண்ணி தேங்குது? எல்லாம் சுத்தமாத்தான் வெச்சிருக்கேன்" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே பின்கட்டுக்குப் போனார். பூந்தொட்டியின் அடித்தட்டு, பழைய பெயின்ட் டப்பா, மூலையில் கிடந்த டயர் என எல்லாவற்றையும் பார்த்தார். கடைசியாக, தென்னை மரத்தடியில் மல்லாந்து கிடந்த ஒரு கொட்டாங்குச்சியைக் காலால் தட்டிக் கவிழ்த்தார். ஒரு கை அளவு மழைத்தண்ணீர் மண்ணில் கொட்டியது. உற்றுப் பார்த்தால் அதில் புழுக்கள் நெளிந்தன.

"இது ஒண்ணு போதும்மா" என்றார் அந்த அக்கா.

எனக்கு அந்த இடத்தில் சம்பந்தமே இல்லாமல் ஓர் ஆங்கிலத் தொடர் ஞாபகம் வந்தது: 'லீவ் நோ ஸ்டோன் அன்டர்ன்ட்'. ஒரு கல்லைக்கூடப் புரட்டாமல் விடாதே என்று பொருள். முடிந்த எல்லா முயற்சியையும் செய்து பார்ப்பதை ஆங்கிலத்தில் இப்படித்தான் சொல்வார்கள்.

மாட்டிவிட்ட அந்தக் கேள்வி

இந்தத் தொடரோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. டிப்ளமோ முடித்து முதன்முதலாக வேலைக்கு விண்ணப்பித்தபோது, இணையத்தில் கிடைத்த மாதிரிக் கடிதத்தைப் பார்த்து, 'ஐ வில் லீவ் நோ ஸ்டோன் அன்டர்ன்ட்' என்று நானும் பந்தாவாக எழுதிவிட்டேன். நேர்காணலில் எதிரே இருந்தவர் அந்த வரியை விரலால் தொட்டு, "இதுவரைக்கும் எந்தக் கல்லைப் புரட்டியிருக்கீங்க? ரெண்டு சொல்லுங்க" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. அந்த வேலை கிடைக்கவில்லை. ஆனால், அந்தக் கேள்வி மட்டும் இன்று வரை கூடவே வருகிறது.

நீங்களும் இந்தத் தொடரைப் படித்திருப்பீர்கள். காணாமல் போனவரைத் தேடும் செய்தி, ஊழல் விசாரணை, தேர்தல் வாக்குறுதி, கிரிக்கெட் பேட்டி, கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் எனப் பல இடங்களில் இது எட்டிப் பார்க்கும். எல்லோரும் சொல்கிறார்கள். சொல்பவர் எத்தனை கல்லைப் புரட்டினார் என்பதுதான் விஷயம்.

அந்தக் கல் எங்கிருந்து வந்தது?

இதற்குப் பின்னால் ஒரு கிரேக்கக் கதை உண்டு. கி.மு. 479-ல் பிளாட்டியா என்ற இடத்தில் கிரேக்கர்களும் பாரசீகர்களும் மோதினார்கள். பாரசீகத் தளபதி மார்தோனியஸ் அந்தப் போரில் இறந்துபோனான். அவன் தன் கூடாரத்துக்கு அடியில் பெரும் புதையலை விட்டுச் சென்றதாகப் பேச்சு. தீப்ஸ் நகரத்துக்காரனான பாலிகிரேட்டஸ் என்பவன் அந்த நிலத்தை வாங்கித் தோண்டினான். ஒன்றும் கிடைக்கவில்லை. டெல்ஃபி கோயிலுக்குப் போய்க் குறி கேட்டான். அங்கே கிடைத்த பதில், எல்லாக் கல்லையும் புரட்டிப் பார் என்பதுதான். திரும்பி வந்து ஒன்று விடாமல் புரட்டினான். புதையல் கிடைத்தது என்று கதை முடிகிறது.

கிரேக்க நாடக ஆசிரியர் யூரிப்பிடிஸ் காலத்திலேயே இந்தத் தொடர் புழக்கத்தில் இருந்தது. பிற்காலத்தில் எராஸ்மஸ் என்ற அறிஞர் தன்னுடைய பழமொழித் தொகுப்பில் இதையும் சேர்த்தார். 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து, அங்கிருந்து நம் பள்ளிக்கூட இலக்கணப் புத்தகம் வரை வந்துவிட்டது.

கதையில் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? முதல் தடவையும் பாலிகிரேட்டஸ் சும்மா இருக்கவில்லை. கஷ்டப்பட்டுத்தான் தோண்டினான். ஆனால், சில கற்களை விட்டுவிட்டான். அவனிடம் உழைப்பு இருந்தது, 'ஒன்று விடாமல்' என்பதுதான் இல்லை. இந்தத் தொடரில் கனமான சொல் 'ஸ்டோன்' இல்லை, 'நோ'தான்.

ஒரு கொட்டாங்குச்சிக்கு இவ்வளவு பில்டப்பா?

இப்போது மறுபடியும் அந்தத் தென்னை மரத்தடிக்கு வருவோம்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கி நிற்கும் ஓரளவு சுத்தமான தண்ணீரில்தான் பெரும்பாலும் வளரும். அதற்குக் குளமோ ஏரியோ தேவையில்லை. ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, மூடாத சின்டெக்ஸ் டேங்க், மணி பிளான்ட் வைத்த பாட்டில், மொட்டைமாடியில் போட்டுவைத்த உடைந்த பக்கெட் போதும். முட்டையில் தொடங்கிப் பறக்கும் கொசுவாக மாற, நம்மூர் வெயிலுக்குச் சுமார் 7 முதல் 10 நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை எல்லாப் பாத்திரத்தையும் காலி செய்து, தேய்த்துக் காயவைக்கச் சொல்கிறார்கள்.

தேய்க்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. இந்தக் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை அங்கேயே இருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும்.

இனி கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தெருவில் நாற்பது வீடு. முப்பத்தொன்பது வீட்டில் எல்லாவற்றையும் கவிழ்த்தாயிற்று. நாற்பதாவது வீடு பூட்டிக் கிடக்கிறது. அதன் மாடியில் ஒரு டயர். அந்தத் தெருவுக்குக் கொசு வருமா, வராதா? அந்த அக்கா சொன்ன 'இது ஒண்ணு போதும்' என்பதற்கு அர்த்தம் இதுதான். பாலிகிரேட்டஸ் கதையை அவர் கேட்டிருக்க வேண்டியதே இல்லை. தினமும் அதைத்தான் செய்கிறார்.

கோரிமேட்டுப் பக்கத்தில் ஒரு கொசு வேட்டை

திண்டிவனம் சாலையில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் கோரிமேடு என்றால் எல்லோருக்கும் உடனே ஞாபகம் வருவது ஜிப்மர். 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் அதன் வரலாறு ஆரம்பிக்கிறது. 1964-ல் ஜவஹர்லால் பெயரைத் தாங்கி முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனமாக மாறியது. 2008-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற தகுதியைச் சட்டப்படி பெற்றது.

அதே பகுதியில், இந்திரா நகர் மருத்துவ வளாகத்தில் இன்னொரு நிறுவனமும் இருக்கிறது. பேருந்தில் போகும் பலர் பெயர்ப்பலகையைப் பார்த்ததோடு சரி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க் கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் அது. 1975-ல் தொடங்கப்பட்டது. கொசு போன்ற நோய் பரப்பும் பூச்சிகளை ஆராய்வதுதான் அங்கே முழுநேர வேலை. அதன் தொடக்க கால இயக்குநர் டாக்டர் பி.கே. ராஜகோபாலன்.

அந்தக் காலத்தில் புதுச்சேரியை ஆட்டிப்படைத்த நோய்களில் ஒன்று யானைக்கால். அதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு, ஏடிஸுக்கு நேர்மாறு. சாக்கடை, கழிவுநீர்க் குழி, செப்டிக் டேங்க் என அழுக்குத் தண்ணீரில்தான் அதன் ராஜ்ஜியம். 1981 முதல் 1985 வரை, ஐந்து ஆண்டுகள், புதுச்சேரி நகரத்தில் அந்தக் கொசுவைக் கட்டுப்படுத்தும் திட்டத்தை இந்த மையம் நடத்தியது.

மருந்தை அடித்துவிட்டுப் போவது சுலபமான வழி. ஆனால், கொசு மருந்துக்குப் பழகிவிடும்; மருந்து தீர்ந்ததும் திரும்பி வரும். அதனால் அவர்கள் ஒரே வழியை நம்பி இருக்கவில்லை. கொசு எங்கெல்லாம் வளர்கிறது என்று தேடி, அந்தந்த இடத்துக்குத் தகுந்த வைத்தியம் பார்த்தார்கள். தண்ணீர் தேங்கும் இடங்களையே இல்லாமல் செய்வது, புழுக்களைத் தின்னும் மீன்களை விடுவது, தேவைப்படும் இடத்தில் மட்டும் மருந்து என்று பல முறைகளைச் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். ஒருங்கிணைந்த கொசுக் கட்டுப்பாடு என்று இன்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் முறை, நம் ஊர்ச் சாக்கடை ஓரத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டது.

கடலோரக் கிராமங்களில் வேறு சிக்கல். உப்பங்கழித் தண்ணீரில் படரும் பாசிக்கு நடுவே மலேரியாவைப் பரப்பும் கொசு வளர்ந்தது. பாசியை எடுத்துப்போட வேண்டும். வெறும் கையோடு தினமும் வந்து பாசி அள்ள யாருக்கு மனசு வரும்? அந்தப் பாசியிலிருந்து காகிதம் செய்யலாம் என்று செய்து காட்டினார்கள். பாசிக்கு ஒரு பயன் கிடைத்தால், அதை அள்ள மக்களே வருவார்கள் என்பது கணக்கு.

வேட்டை இன்னும் முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து முட்டைகளை வரவழைத்து, வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைக் கொண்ட ஏடிஸ் கொசு வகைகளை இதே மையம் உருவாக்கியிருப்பதாக 2022-ல் செய்தி வந்தது. அந்த பாக்டீரியா இருக்கும் கொசுவின் உடம்பில் டெங்கு வைரஸ் பெருகுவது கடினம். கொசுவைக் கொல்வதற்குப் பதிலாக, கொசுவை வைத்தே நோயைத் தடுக்கும் யோசனை. இதுவும் புரட்டிப் பார்க்க வேண்டிய இன்னொரு கல்தான்.

ஒரே முயற்சி, ஊருக்கு ஒரு பெயர்

'எல்லா முயற்சியும்' என்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் இன்னும் சில தொடர்கள் உண்டு. ஒவ்வொன்றும் வெவ்வேறு வீட்டுப் பிள்ளை. இடம் பார்த்துத்தான் கூப்பிட வேண்டும்.

'புல் அவுட் ஆல் த ஸ்டாப்ஸ்' என்று ஒன்று. தேவாலயத்தில் இருக்கும் பெரிய ஆர்கன் வாத்தியத்தில், ஒவ்வொரு குழாய் வரிசைக்கும் ஒரு குமிழ் இருக்கும். எல்லாக் குமிழையும் வெளியே இழுத்துவிட்டால் முழுச் சத்தமும் கிளம்பும். நம் ஆர்மோனியப் பெட்டியின் முன்பக்கத்திலும் இப்படி இழுக்கும் குமிழ்களைப் பார்க்கலாம். எனவே, இந்தத் தொடர் தேடலுக்குப் பொருந்தாது. கல்யாணம், திருவிழா, பட வெளியீடு என்று இருக்கும் பலத்தை எல்லாம் இறக்கும் இடத்துக்குப் பொருந்தும்.

'கோ த எக்ஸ்ட்ரா மைல்' பைபிளின் மலைப்பொழிவிலிருந்து வந்தது. ஒரு மைல் வரச்சொல்லி வற்புறுத்துபவனோடு இரண்டு மைல் போவதைப் பற்றிய போதனை அது. கடமைக்கு மேல் ஒரு படி செய்வதற்குத்தான் இது சரி. மேசையைத் துடைத்துவிட்டு, கிளம்பும் பெரியவருக்கு ஆட்டோவும் பிடித்துத் தருகிற ஓட்டல் பையனை நினைத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரி என்பதால் பிரெஞ்சையும் விட முடியாது. அவர்கள் 'வானத்தையும் பூமியையும் அசைப்பது' என்பார்கள். ஆங்கிலத்திலும் இதே தொடர் உண்டு. 'காலையும் கையையும் செய்வது' என்று இன்னொரு பிரெஞ்சுத் தொடரும் உண்டு. ஒரு காரியம் நடக்க ஒருவர் எல்லா வழியிலும் முட்டி மோதுவதை அது சொல்கிறது.

நம்மிடம் என்ன இருக்கிறது? நிறையவே! பெரிய காரியத்தை விடாப்பிடியாகச் சாதிப்பது 'பகீரதப் பிரயத்தனம்'. கங்கையைப் பூமிக்குக் கொண்டுவரத் தவம் இருந்த பகீரதனின் கதையிலிருந்து வந்தது. மாமல்லபுரத்தில் நாம் அர்ச்சுனன் தபசு என்று செல்ஃபி எடுக்கும் அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தை, பகீரதன் கதை என்று சொல்பவர்களும் உண்டு. ஒன்று விடாமல் தேடுவதற்கு, 'சல்லடை போட்டுத் தேடினோம்', 'இண்டு இடுக்கு விடாமல் பார்த்தோம்' என்கிறோம். 'லீவ் நோ ஸ்டோன் அன்டர்ன்ட்' என்பதற்கு மிக நெருக்கமான சொந்தங்கள் இவைதான். 'போலீசார் ஒரு கல்லையும் புரட்டாமல் விடவில்லை' என்று அப்படியே மொழிபெயர்த்தால், காவலர்கள் ரோட்டில் ஜல்லி அள்ளிய மாதிரி இருக்கும். 'சல்லடை போட்டுத் தேடினார்கள்' என்றால் முடிந்தது.

இதில் ஒரு சின்ன எச்சரிக்கை. 'தலைகீழா நின்னாலும்', 'குட்டிக்கரணம் போட்டாலும்' என்பவையும் பெரிய முயற்சியைத்தான் சொல்கின்றன. ஆனால், அந்த 'லும்' வந்துவிட்டாலே காரியம் நடக்காது என்று அர்த்தம். ஆங்கிலத் தொடரில் அப்படி இல்லை. கல்லைப் புரட்டியவனுக்குப் புதையல் கிடைத்ததா, இல்லையா என்பதை அது சொல்வதில்லை. புரட்டினான் என்று மட்டும் சொல்லும்.

'பணம் புரட்டணும்பா...'

எனக்கு ரொம்பப் பிடித்த தமிழ்ச் சொல் ஒன்று இதில் இருக்கிறது. அதை எந்தப் பெரிய ஆஸ்பத்திரி வாசலிலும் கேட்கலாம். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று பல ஊர்களிலிருந்து பஸ் பிடித்து ஜிப்மருக்கு வரும் கூட்டத்திலும் கேட்கலாம். கட்டைப்பை, ஸ்கேன் கவர், தண்ணீர் பாட்டிலோடு நிற்கும் யாரோ ஒருவர் போனில், "கொஞ்சம் பணம் புரட்டணும்பா" என்பார்.

பணம் சம்பாதிக்கணும் என்றோ, வாங்கணும் என்றோ சொல்வதில்லை, புரட்டணும் என்கிறார். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும், கூட இருப்பவர் இழக்கும் தினக்கூலிக்கும் சேர்த்துத்தான் அந்தப் பணம். மச்சானிடம் கேட்பது, கம்மலை அடகு வைப்பது, முதலாளியிடம் முன்பணம் கேட்பது, சீட்டைத் தள்ளி எடுப்பது என்று ஒவ்வொரு கல்லாகப் புரட்டுகிறார்கள். ஆங்கிலேயர் கல்லில் வைத்த அதே வினைச்சொல்லை, நாம் பணத்தில் வைத்திருக்கிறோம்.

அப்படிப் புரட்டிக்கொண்டு வந்தவரிடம், 'எல்லா முயற்சியும் செஞ்சிட்டோம்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தால் எப்படி இருக்கும்? டாக்டராக இருந்தாலும், அதிகாரியாக இருந்தாலும், தகவல் சொல்லப் போகும் சொந்தக்காரராக இருந்தாலும், 'இந்தப் பரிசோதனை பண்ணினோம், இந்த மருந்து கொடுத்துப் பார்த்தோம், அதுக்கு உடம்பு இப்படித்தான் கேட்டுது' என்று வரிசையாகச் சொன்னால், கேட்பவர் மனசு ஓரளவு ஆறும். நல்ல முடிவு இல்லாவிட்டாலும், ஒன்றையும் விடவில்லை என்ற நிம்மதி மிஞ்சும். அந்த நிம்மதியை மரபுத்தொடர் தராது. அந்த வரிசைதான் தரும்.

சரி, எப்படிப் பயன்படுத்தலாம்?

பரீட்சை எழுதும் தம்பி தங்கைகளுக்கும், வேலை தேடும் நண்பர்களுக்கும், ஆபீஸ் மெயில் எழுதும் அக்கா அண்ணன்களுக்கும் சில குறிப்புகள்.

• 'ஸ்டோன்' என்று ஒருமையில்தான் வரும். 'ஸ்டோன்ஸ்' என்று எழுத வேண்டாம். கடைசிச் சொல் 'அன்டர்ன்ட்'; 'அன்ரிடர்ன்ட்' இல்லை.

• தொடக்கத்தில் வரும் 'லீவ்' நம் ஆபீஸ் லீவு இல்லை. 'விட்டுவை' என்ற அர்த்தம். கடந்த காலத்தில் சொல்லும்போது 'லெஃப்ட்' ஆகும். 'தே லெஃப்ட் நோ ஸ்டோன் அன்டர்ன்ட் டு ஃபைண்ட் த சைல்ட்' என்றால், குழந்தையைக் கண்டுபிடிக்க அவர்கள் ஒன்று விடாமல் தேடினார்கள் என்று பொருள்.

• தேடல், விசாரணை, தீர்வு காணும் முயற்சி ஆகியவற்றுக்குப் பொருத்தமானது. பிரியாணி வாங்க வரிசையில் நின்றதற்கு எல்லாம் பயன்படுத்தினால் சிரிப்பார்கள். சிரிக்க வைப்பதுதான் நோக்கம் என்றால் தாராளமாகச் சொல்லலாம்.

• தொடரைச் சொன்ன கையோடு, புரட்டிய இரண்டு மூன்று கல்லையும் சொல்லிவிடுங்கள். 'முழு முயற்சி எடுத்தேன்' என்பதைவிட, 'பன்னிரண்டு கடைகளில் விசாரித்தேன், பழைய ரசீதுகளைப் பார்த்தேன், நேரில் போய்ப் பேசினேன்' என்பது நிற்கும். பல சமயம் பட்டியலைச் சொன்ன பிறகு, மரபுத்தொடரே தேவைப்படாது.

• அடுத்தவர் இதைச் சொன்னால், குறிப்பாக வாக்குறுதியாகச் சொன்னால், பணிவாகக் கேளுங்கள்: 'எந்தக் கல்லுங்க?'

எனக்கு நேர்காணலில் கிடைத்த கேள்விதான் இது. அன்றைக்குக் கோபம் வந்தது. கோரிமேட்டில் அந்தக் கொட்டாங்குச்சியைப் பார்த்த பிறகு, அவர் கேட்டது நியாயம் என்று தோன்றுகிறது.

தமிழில் 'புரட்டு' என்ற சொல்லுக்கு இன்னோர் அர்த்தமும் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? பித்தலாட்டம்! கல்லைப் புரட்டினால் அது முயற்சி. புரட்டாமலே புரட்டினேன் என்றால், அதுவும் புரட்டுதான்.

அந்த அக்கா அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போய்விட்டார். அந்த வீட்டு அம்மா என்னைப் பார்த்து, "மாடியில ஒரு பக்கெட்டு கெடக்கும்னு நெனைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

உங்கள் வீட்டு மாடியில் என்ன இருக்கிறது? போனைக் கீழே வைத்துவிட்டு, ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன்.